லேசர் ஒளியில் என் உப்பு

எங்கள் உப்பளத்துக்கு உப்பைச் சோதிக்க ஒரு மிஸ் வந்தார். லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் நிறத்தை வைத்துக் கலப்படம் கண்டுபிடிக்கும் கருவி அவரிடம் இருந்தது. நல்ல உப்பு ஒளிராதாம்; என் பாத்தி உப்புக்கட்டி நீலமாக ஒளிர்ந்தது.

"என்ன கலந்தீங்க, நானா? எனக்கு இந்த உப்பு வேணாம்," என்றார் வாங்க வந்த முதலாளி. அண்ணனை நாங்கள் 'நானா' என்போம்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேச மாட்டேன். அன்று விடவில்லை.

"மிஸ், மினுங்கட்டும் எண்டு ஜும்ஆத் தொழுகைக்குத் தோய்ச்சுக் கட்டின இந்த இடுப்புச் சாரத்தால துடைச்சிட்டன். துடைக்காத கட்டி ஒண்டு பாருங்க."

அது ஒளிரவில்லை. மிஸ் ஒளியைச் சாரத்தில் பிடித்தார். முழுக்க நீலம்! சலவைத்தூள் அப்படித்தான் ஒளிருமாம். எல்லோரும் சிரிக்க, நான் குறுகிப்போனேன். உடனே அவர் தன் வெள்ளைச் சட்டைக் கையில் ஒளியைப் பிடித்தார். அதுவும் நீலம்.

"பாருங்க நானா, நானும் உங்களப் போலதான்."

முதலாளி உப்பை ஏற்றச் சொன்னார். கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் நாலு பேர் முன்னாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.