ஞாயிறுதோறும் காணாமல் போகும் செருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை நான் மாமியாரின் செருப்பைத் திருடினேன்.

பதற வேண்டாம்... காரணம் இருக்கிறது. நான் ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அத்தை என்னோடு நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மிக்ஸியைப் பார்த்துச் சொல்வார். "சில பேருக்கு சாம்பார்ல உப்புப் போடக்கூட நேரமில்ல." மிக்ஸி என்ன பதில் சொல்லும்? நான்தான் எழுந்துபோய் உப்பைப் போடுவேன்.

ஞாயிறு காலை மட்டும் செயலில் இறங்கிவிடுவார். என் இடது கால் செருப்பு காணாமல் போகும். ஒரு வாரம் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், மறுவாரம் தண்ணீர் டேங்க் மேல். ஏன் எப்போதும் இடது கால்? கேட்கத் தைரியமில்லை. தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஓடுவேன். உள்ளுக்குள் அழுகையாக வரும். அம்மா இல்லாத எனக்கு அத்தைதான் எல்லாம். 'ஆண்டவரே, நீரும் வேண்டும், இந்த அத்தையும் வேண்டும் — இரண்டில் ஒன்று என்று மட்டும் சொல்லிவிடாதேயும்' என்பதுதான் என் தினசரி ஜெபம்.

போன வாரம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மணி ஒன்பது. வாசலில் அத்தையின் நீல ஹவாய் செருப்பு கிடந்தது... மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் சபை, மலையாள நாட்டு மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனின் மாடியில் இருக்கிறது. செருப்பைப் படிக்கட்டின் கீழே விட்டுவிட்டு ஏற வேண்டும். அன்று பாஸ்டரின் பிரசங்கம் — எதிர்ப்பு வந்தாலும் தேவ அன்பு கைவிடாது. எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது. ரத்தசாட்சிகள் வரிசையில் எனக்கும் ஓர் இடம் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். திருட்டுச் செருப்பில் வந்த ரத்தசாட்சி!

அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

"எடீ செல்வி! என் செருப்பு எங்கடீ?"

ஆறு மாதம் கழித்து அத்தை என் பெயரைச் சொல்கிறார். திட்டுதான். ஆனாலும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

இறங்கி ஓடினேன். கையில் மீன் பையோடு, வெறுங்காலோடு நிற்கிறார் அத்தை. எதிரே சபையார் செருப்பெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, குப்புறவும் மல்லாக்கவும் கிடக்கின்றன. அத்தை யார்? முப்பது வருடம் கார்ப்பரேஷனில் தெருக்கூட்டி ரிட்டயர் ஆனவர்.

"எந்தா இது? மனுஷங்க வர்ற எடமா, குப்பைமேடா?" என்று உட்கார்ந்தவர், செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார். ஆராதனை முடிந்து இறங்கியவர்களுக்கு அதட்டல் வேறு — "சேட்டா, தள்ளாதே! ஒவ்வொருத்தரா எடு!" பாஸ்டர் சாயா கொண்டுவந்து கொடுத்தார். "மேல வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றபடி வாங்கிக் குடித்தார்.

இந்த ஞாயிறு காலை பார்க்கிறேன்... வாசலில் என் செருப்பு, இரண்டு காலும்! பக்கத்தில் புதுச்சேலை கட்டி அத்தை.

"நேரமாச்சு மோளே. நான் போகலேன்னா அவங்க கண்டபடி கழட்டிப் போடுவாங்க." மகளே என்று கூப்பிடுகிறார்!

வீட்டில் எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது என்று நம் சபைப் பத்திரிகைக்குக் கேட்டு எழுதுகிறீர்களே, எனக்கு என்ன தெரியும்? என் பங்குக்கு நான் செய்தது ஒரே ஒரு திருட்டு. மற்றதையெல்லாம் செய்தவர் ஆண்டவர்.

தெருமுனையில் மீன் விற்கும் சேச்சி அத்தையை நிறுத்தினார். "எந்தா அக்கா, மருமகளோட சர்ச்சுக்கா?"

"சர்ச்சுக்கு யாரு போறா? நான் செருப்புக்குப் போறேன்!"