குன்வோரின் சிவப்பு வண்டி

குன்வோர் பொறாமைக்காரி இல்லை. கணவன் வேறொருத்தியோடு பெர்கன் நகரத்துக்குப் போனபோதுகூட, "காலுறை துவைக்கிற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பேருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டவள். மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியோர்டின் இந்தக் கரையில் இருக்கும் பிள்ளைகளைப் பனியிலும் மழையிலும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள்தான். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மோட்டார் சைக்கிள்தான் அவள் வயிற்றில் பொறாமை நெருப்பை மூட்டியது.

அவளும் தூரில் என்ற தோழியும் ஒரே கடையில் ஒரே ரக வண்டியைச் சேர்ந்து போய் வாங்கினார்கள். குன்வோருடையது சிவப்பு, தூரிலுடையது நீலம். தூரில் மீன் பண்ணையில் வேலை பார்ப்பவள், வாய் ஓயாதவள். வண்டியைக் கழுவக்கூட மாட்டாள். குன்வோரோ ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் துணியால் துடைத்து மூடி வைப்பாள். ஆனால் நடுவழியில் நின்றது குன்வோரின் வண்டிதான்.

அதுவும் மலையைக் குடைந்து போட்ட சாலைச் சுரங்கத்துக்குள். எஞ்சினுக்குள் ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி செத்துப்போயிற்று. பின்னால் வந்த மீன் லாரி போட்ட பிரேக்கின் அலறல் பாறையெங்கும் மோதி எதிரொலித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், ஈரப் பாறையோடு முதுகை ஒட்டியபடி நின்றாள் அவள்.

வாரண்டி இருந்ததால் கடைக்காரர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளே சங்கிலி அறுந்து வால்வெல்லாம் வளைந்திருந்ததாம். எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுச் சாமான்கள் போட்டு, கோடை பாதி கழிந்தபின் திருப்பிக் கொடுத்தார்கள்.

"இப்ப இது புது வண்டியவிட நல்ல வண்டி, அக்கா. நம்பி ஓட்டுங்க" என்றான் மெக்கானிக் ஐவின்ட்.

"முன்னாடியும் நம்பித்தானேப்பா ஓட்டினேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் ஓட்டியதெல்லாம் காதால்தான். எங்கே 'டக்' என்கிறதோ, எங்கே 'கிர்' என்கிறதோ என்று கேட்டபடி, விரல்களைக் கிளட்சின் மேலேயே வைத்திருந்தாள். சுரங்கம் வந்தால் பழைய கரையோரப் பாதையில் சுற்றிப் போனாள். தூரில் நேராகச் சுரங்கத்துக்குள் நுழைந்து, மறுமுனையில் அவளுக்காகக் காத்திருப்பாள், சாக்லேட் தின்றுகொண்டு. அந்தச் சாக்லேட்டைப் பார்த்தாலே குன்வோருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் படகுத்துறையில் நீல வண்டி கிளம்பாமல் திணறியது. குன்வோரின் மனம் துள்ளியது. மறுமுறை அழுத்தியதும் கிளம்பிவிட்டது. தோழியின் வண்டி கெட வேண்டுமென்று நினைத்துவிட்டோமே என்று அன்றெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் எரிச்சல் தணியவில்லை.

வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் படகில் வாஃபிளும் காபியுமாக உட்கார்ந்திருந்தபோது தூரில் கேட்டே விட்டாள்.

"ஏன்டி என் வண்டிய அப்படி முறைக்கிற? கண்ணாலயே டயர் காத்த எறக்கிடுவ போல."

"உனக்கென்ன, உன்னோடது நிக்கல."

"அவ்வளவுதானே? மாத்திக்குவோம். மலை உச்சி வரைக்கும் உன்னோடதுல நான் போறேன்."

"சுரங்கத்துல நின்னுச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். பின்னாடி வர்ற லாரிக்காரன் பாக்க நல்லா இருந்தா அவன் கூடவே போயிடுறேன்."

கரை இறங்கியதும் மாற்றிக்கொண்டார்கள். ஆசைப்பட்ட நீல வண்டி கைக்கு வந்தும், அதிலும் குன்வோருக்கு ஏதேதோ சத்தம் கேட்டது. அதே சுரங்கத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நுழைந்தாள். முன்னால் சிவப்பு வண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு திணறல் இல்லை. வெளியே வந்து மலை வளைவுகளில் ஏறியபோது, தூரில் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் போனாள். குன்வோர் ஒருநாளும் அப்படிச் சாய்த்ததில்லை. தன்னிடம் முரண்டு பிடித்த வண்டி அவளுக்கு மட்டும் என்னமாய் வளைந்து கொடுக்கிறது! நீல வண்டியின் மேலிருந்த எரிச்சலெல்லாம் இப்போது அந்தச் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் மேல் திரும்பியது.

உச்சியில், கரையாத பனித்திட்டுகளுக்குப் பக்கத்தில், தூரில் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னோடதவிட இது நல்லா இழுக்குதுடி! கீழ வரைக்கும் நானே..."

"இறங்கு."

"என்னடி?"

"இறங்குன்னு சொன்னேன். ஓட்டினது போதும்."

"அப்ப பயம் போயிடுச்சா?"

"அது எங்க போகும்? பயந்துகிட்டே நான் ஓட்டிக்கிறேன். நீ ஓட்ட வேணாம்."

தூரில் விழுந்து விழுந்து சிரித்தாள். குன்வோர் சிரிக்காமல் தன் சிவப்பு வண்டியில் ஏறிக்கொண்டாள். மறுபக்க இறக்கத்தில் இன்னொரு சுரங்கம் இருந்தது. அதன் வாயில் வேகத்தைக் குறைத்தாள். விரல்கள் தாமாகக் கிளட்சுக்குப் போயின. சுற்றிப் போகும் பாதை இடப்புறம் பிரிந்தது. அவள் திரும்பவில்லை. உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் எஞ்சின் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. வெளிச்சம் வந்தபோது வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சாலையில் உறைபனி விழும்வரை அந்த ஆண்டு அவள் ஓட்டினாள். இன்னொரு தரம் மாற்றிக்கொள்ளலாமா என்று தூரில் கேட்டாள். குன்வோர் காதில் விழாததுபோல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.