லட்சுமணசாமி திரும்பிப் பார்க்கவில்லை

கோவை கணபதியில் மோட்டார் பம்ப்புக்கு உதிரி பாகம் கடையும் லேத் பட்டறைக்காரர் லட்சுமணசாமி. மரியாதையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லேத் மிஷினைக்கூட 'ஓடுங்க' என்று சொல்லித்தான் முடுக்குவார் என்பது பட்டறைப் பேச்சு. ஒருவர் 'நல்லா இருக்கீங்களா' என்றால் போதும். அவர் வீட்டு ஆட்கள், மாடு கன்று, போர்வெல் தண்ணீர் வரைக்கும் விசாரித்த பிறகே ஆளை விடுவார்.

அந்த மரியாதைதான் அவருக்கும் ரோஸ்ஃபிஞ்ச்சுக்கும் நடுவே நந்தி மாதிரி நின்றது.

குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து ஆனைகட்டி அடிவாரத்துக்கு வந்துபோகும் குருவி அது. ஆணுக்குத் தலையும் மார்பும் செக்கச்செவேல். அவருடைய பறவை பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்தாயிற்று, அவரைத் தவிர. கண் மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையும் அவருக்கில்லை. போன மார்கழியில் புதருக்குள் ஏதோ சிவந்தது. அந்நேரம் பார்த்துப் பால்காரர் வணக்கம் வைத்தார். கன்றுக்குட்டியின் கழிச்சலைக் கேட்டு முடிப்பதற்குள் கிளை காலி.

இந்தத் தையில் தனியாகப் போனார். மலையைப் பனி மடித்து எங்கோ எடுத்து வைத்திருந்தது. உண்ணிச்செடியின் நுனியில், யாரோ ஊதிவிட்ட கங்கு போல, அது உட்கார்ந்திருந்தது.

பின்னால் கார் நின்றது.

"ஏனுங்க சம்மந்தி, நல்லா இருக்கீங்களா?"

மகள் வர்ஷினியின் மாமனார், கிணத்துக்கடவுக்காரர். வீட்டுமனை சைட் பார்க்க வந்திருக்கிறார். அந்தப் பக்கம் வருகிறவர்கள் வேறெதைப் பார்க்கிறார்கள்?

லட்சுமணசாமியின் கழுத்து பாதி திரும்பியது. குருவி ஒரு பழத்தை நசுக்கியபடி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. கழுத்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சம்மந்தி மறுபடி கூப்பிட்டது, கிணற்றில் முங்கியவனுக்கு மேட்டுப்பேச்சு கேட்பதுபோலக் கேட்டது. சிவப்பு மட்டும் மூச்சு விட்டது. கீழே தரை இருந்ததா என்றே அவருக்குத் தெரியவில்லை.

கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்ட சத்தத்தில் குருவியும் போயிற்று.

மதியம் வர்ஷினி போன் செய்தாள். "அப்பா, கூப்பிட்டா திரும்பலியாமே நீங்க? மாமா காப்பியக்கூடத் தொடாம உக்காந்திருக்காருங்க."

போனைச் சம்மந்தியிடமே கொடுக்கச் சொன்னார்.

"தப்புதானுங்க சம்மந்தி. ஒருத்தரு வந்திருந்தாருங்க, இமயமலைல இருந்து. நீங்க இந்தா இருக்கற கிணத்துக்கடவு. தூரத்துல இருந்து வந்தவங்களத்தானுங்களே முதல்ல கவனிக்கோணும்?"

சம்மந்தி அந்த நியாயத்தை எப்படிப் புரட்டினாலும் சரியாகத்தான் இருந்தது.

"சாப்பிட்டுத்தானுங்களே போனாரு?" என்றார் சம்மந்தி.

"சாப்பிட்டுத்தானுங்க போனாரு."

அதன் பிறகு கிணத்துக்கடவில் காப்பி டம்ளர் நகரும் சத்தம் கேட்டது.