பத்தொன்பது அண்ணன்

"பாஸ் மார்க்கை மறந்துடும்மா. அது உன்னை ஒண்ணும் பண்ணாது. ஆளைக் கவுக்கிறது பத்தொன்பதுதான்" என்று எங்கள் ஜப்பானிய மொழி வகுப்பில் புதிதாகச் சேர்ந்த நர்ஸிடம் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. ஜப்பானிய மொழியில் ஒரு வணக்கம் சொல்லத் தெரியாது, ஓர் எழுத்து அடையாளம் தெரியாது. ஆனால் அந்த மொழிக்கான தேர்வில் எத்தனை விதமாகத் தோற்கலாம் என்பது அவளுக்கு இப்போது அத்துப்படி.

ஞாயிறு காலை வகுப்புக்கு வருகிற எவரும் இதிலிருந்து தப்பியதில்லை. டீச்சர் வருவதற்கு முன்பே வந்து, வாசலைப் பார்த்த மேசையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். புது முகம் ஏதாவது தட்டுப்பட்டால் ஒற்றை விரலை உயர்த்துவார். மொத்த மதிப்பெண் நூற்றியெண்பது. அதில் மூன்று பகுதிகள்: சொல்லும் இலக்கணமும், படித்துப் புரிந்துகொள்வது, காதால் கேட்டுப் பதில் குறிப்பது. ஒவ்வொன்றுக்கும் அறுபது. மூன்றாம் நிலையில் தேறத் தொண்ணூற்றைந்து போதும். ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் பத்தொன்பதுக்குக் கீழே போய்விட்டால், மற்ற இரண்டிலும் அறுபதுக்கு அறுபது வாங்கினாலும் ஃபெயில். இதை அவர் சொல்லி முடிக்கும்போது டீச்சர் வந்து பாதிப் பாடம் நடத்தியிருப்பார். பத்தொன்பது அண்ணன் என்று நாங்கள் வைத்த பெயர் அவர் காதுக்கும் எட்டியது. வருத்தப்படுவார் என்று பார்த்தால், படித்து வாங்கிய பட்டம் மாதிரி அதைச் சுமந்துகொண்டு திரிந்தார்.

பிழைப்புக்கு அவர் செய்வது ரப்பர் வளையம் அளப்பது. குழாய் இணைப்புகளில் கசியாமல் இருக்கப் போடுவார்களே, அந்தக் கறுப்பு வளையங்களைச் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். தேர்வின் விதியை அவர் விளக்குவதும் வளையத்தை வைத்துத்தான். "உள்விட்டம் ஓகே. வெளிவிட்டம் ஓகே. தடிமன் மட்டும் ஒரு நூல் கம்மி. என்ன பண்ணுவேன்? சிவப்புத் தொட்டியில போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்குன்னு கொஞ்சிக்கிட்டு நிக்க மாட்டேன்." நியாயமாகச் சொல்வதென்றால், இதைவிடத் தெளிவாக அந்த விதியை எங்கள் டீச்சரால்கூடச் சொல்ல முடிந்ததில்லை.

சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில்கள் இருக்கும். கூராகச் சீவினால் வட்டத்தை நிரப்ப நேரமாகும் என்று, சீவிய முனையை உப்புத்தாளில் தேய்த்து மொட்டையாக்கி வைத்திருப்பார். ஒரே இழுப்பில் வட்டம் கறுத்துவிடும். விடை தெரியாத கேள்விக்கு யோசிக்கவே கூடாது என்பது அவர் கட்சி. "தெரியலையா, மூணு. சந்தேகமா, மூணு. தப்புக்கு மைனஸ் கிடையாது, அப்புறம் எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?" எங்கள் வகுப்பில் மொழி தெரியாமலே மூன்று என்ற விடையை மட்டும் தெரிந்துகொண்டு போனவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கெல்லாம் இவர்தான் குரு.

இன்னொரு நுணுக்கமும் அவருக்குத் தெரியும். இந்தத் தேர்வில் ஒரு கேள்விக்கு இத்தனை மார்க் என்று கிடையாது. தாள் எவ்வளவு கடினம், எந்தக் கேள்விகளைச் சரியாகப் போட்டோம் என்பதையெல்லாம் பார்த்து ஓர் அளவுகோலில் ஏற்றித்தான் மதிப்பெண் தருவார்கள். "ஒரே எண்ணிக்கை சரியாப் போட்ட ரெண்டு பேருக்கு வேற வேற மார்க் வரும். அதனால எத்தனை சரின்னு எண்ணிக்கிட்டு உட்காராதே. எண்ணுறவன் முட்டாள்." இதைச் சொன்ன வாய் மூடுவதற்குள் போன தேர்வில் தனக்கு எத்தனை சரி என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்.

இவ்வளவும் தெரிந்த மனிதருக்கு ஜப்பானிய மொழி எவ்வளவு தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தொழிற்சாலைக்கு வந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர், சாப்பிட்டாயிற்றா என்று அவரிடம் அவர்கள் மொழியில் கேட்டிருக்கிறார். அண்ணன் நிமிர்ந்து நின்று, மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதாகப் பிழையில்லாமல் பதில் சொன்னாராம். வந்தவர் நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டு, தனியாகப் போய்ச் சாப்பிட்டார். இதை எங்களுக்குச் சொன்னதும் அண்ணனேதான். இலக்கணம் சரியாக இருந்தது என்பதற்காகச் சொன்னார்.

படிப்பதில் ஆள் புலி, அதை மறுக்க முடியாது. காதுதான் அவருக்குக் கண்டம். இரண்டு முறை தேர்வு எழுதி இரண்டு முறையும் கேட்கும் பகுதியில் மண்ணைக் கவ்வியிருந்தார். வகுப்பில் டீச்சர் ஒலிப்பதிவைப் போடுவார். ஓர் ஆணும் பெண்ணும் அலுவலகத்தில் நடக்கப்போகும் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்த ஆண் முதலில் என்ன செய்யவேண்டும் என்பது கேள்வி. அவர்கள் நாலு வார்த்தை பேசுவதற்குள் அண்ணனின் விரல் உயர்ந்துவிடும். "டீச்சர், இங்கதான் பொறி வைக்கிறான். முதல்ல சொல்றது எப்பவும் விடையா இருக்காது." டீச்சர் பதிவை நிறுத்துவார். "கொஞ்சம் பேசாம முழுசாக் கேளுங்க சார்." "கேக்கறேன் டீச்சர். கேக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம்." அந்த ஆண் முதலில் என்ன செய்தான் என்பது எங்கள் வகுப்புக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவது முறை மட்டும் விளையாட்டில்லை. ஜப்பானில் உள்ள தாய்த் தொழிற்சாலைக்கு இரண்டு வருடத்துக்கு ஓர் ஆளை, குடும்பத்தோடு அனுப்புவதாக இருந்தார்கள். மூன்றாம் நிலையில் தேறியிருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மேலாளர் இவருக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். இந்த முறை தேறாவிட்டால் வேறு ஆள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியும் விட்டார். மகள் தன் அறைச் சுவரில் பனி மூடிய மலைப்படம் ஒன்றை ஒட்டிவிட்டாள். அண்ணன் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினார். இரண்டு காதையும் கிண்ணம் கவிழ்த்தாற்போல் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வீட்டில் அவர் காதுக்கு யாரும் எட்டவில்லை.

தேர்வுக் கூடத்தில் எனக்கு அவருக்குப் பின்வரிசை. என் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்தது கேட்கும் பகுதி. அதிலும் கடைசிக் கேள்விகளுக்குத் தாளில் ஓர் எழுத்துக்கூட இருக்காது. ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்லும், மூன்று பதில்கள் வரும், குறிக்கவேண்டும், உடனே அடுத்தது. மூச்சுவிட நேரமில்லை. அண்ணனின் இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை எத்தனை சரி, பத்தொன்பதைத் தாண்டியாயிற்றா என்று மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு கேள்வி போய்விட்டது. போன கேள்வியால் எவ்வளவு குறையும் என்று மறுபடி எண்ணினார். அடுத்ததும் போயிற்று. திடுக்கிட்டு நிமிர்ந்து, மொட்டைப் பென்சிலால் இரண்டு வட்டங்களை நிரப்பினார். எந்த வட்டங்கள் என்று நான் எட்டிப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வெளியே வந்ததும் வராததுமாக ஐந்தாறு பேரை மடக்கி, யார் எதற்கு என்ன போட்டார்கள் என்று கேட்டு, வாகன நிறுத்தத்தில் நின்றபடியே முடிவை அறிவித்துவிட்டார். விடைகளை யாரும் அதிகாரபூர்வமாக வெளியிடுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "எப்படி இழுத்துப் பிடிச்சுப் போட்டாலும் நூத்திப் பத்து. காது இருபத்தாறு." பிறகு மனைவிக்குப் போன் போட்டார். பாஸ் வரும் என்று சொல்லவில்லை. வந்தாச்சு என்றார்.

அடுத்த மாதம் அவரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி. மருந்துக் கடை ஒன்றில் பல வருடமாக வேலை பார்க்கிறவர், எந்த மருந்து எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். கூடத்துச் சோபாவில் அண்ணன் ஹெட்போனும் தானுமாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பாஸாகிவிட்டதால் அடுத்த நிலைக்குப் படிக்கிறாராம்.

"கடையில சொல்லிட்டேங்க. ரிசல்ட் வர்ற அன்னிக்கோட நின்னுக்கிறேன்னு" என்றார் அந்த அம்மா. "ரிசல்ட் வந்த அடுத்த மாசமே கிளம்பணும்னு இவர் கம்பெனியில சொல்றாங்க. ஸ்கூலுக்கு அலையணும், வீட்டைக் காலி பண்ணணும். புதுசா ஒரு பொண்ணைப் போட்டுட்டாங்க. நான்தான் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கறேன்."

"ரிசல்ட் வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இவர்தான் வந்தாச்சு, வந்தாச்சுன்னு நிக்கறாரே. சொல்லிடட்டுமான்னு இவரைக் கேட்டுட்டுத்தான் சொன்னேன். தலையாட்டினாரு."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அப்போதும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். அந்த அம்மா தோளைத் தொட்டதும் கண்ணைத் திறக்காமலே ஒற்றை விரலை உயர்த்தினார், பொறுங்கள் என்று. புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரிசல்ட் அன்று லீவு போட்டுவிட்டு என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார். ஜெயிப்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமல்லவா. மனைவி கடைக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கு. அவர் மடிக்கணினியில் தேர்வு எண்ணைத் தட்ட, திரை சுற்றிச் சுற்றிக் கடைசியில் திறந்தது. சொல்லும் இலக்கணமும் நாற்பத்தெட்டு. படிப்பது நாற்பத்து மூன்று. கேட்பது பதினேழு. மொத்தம் நூற்றியெட்டு. அதற்குக் கீழே ஃபெயில்.

திரையை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார். பிறகு விரல் உயர்ந்தது. "நூத்தியெட்டு. பாஸ் மார்க்கைவிடப் பதிமூணு ஜாஸ்தி. சொல்லுக்கும் இலக்கணத்துக்கும் பாரு, 'ஏ' கிரேடு போட்டிருக்கான். கணக்குப்படி பார்த்தா இது பாஸ்தான்."

"தடிமன் மட்டும் ஒரு நூல் கம்மி அண்ணே" என்றேன். வாயை அடக்க முடியவில்லை.

"ரப்பர் வேற, மனுஷன் வேற" என்றார் கோபமாக. "ரெண்டே மார்க்கு. ரெண்டு மார்க்குக்குக்கூட விட்டுக்கொடுக்கலைன்னா என்ன தேர்வு இது?" சிவப்புத் தொட்டியில் இவர் இதுவரை தூக்கிப் போட்ட வளையங்களில் ஒன்றுக்காவது இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

மேலாளர் போனில் கூப்பிட்டார். அறை அமைதியாக இருந்ததால் மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது. பாஸா, இல்லையா என்பதுதான் கேள்வி. அண்ணன் முதல் பகுதியிலிருந்து ஆரம்பித்தார். அளவுகோல் மதிப்பெண் என்பதை விளக்கத் தொடங்கியபோது, "சரி விடுப்பா, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார் அவர். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். "அடுத்த தடவைக்கு ரெண்டு மார்க் ஏத்தினாப் போதும். மத்ததெல்லாம் கையில இருக்கு" என்று என்னிடம் சொன்னார். ஹெட்போனை எடுத்து இரண்டு காதிலும் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே அந்த ஆணும் பெண்ணும் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கவேண்டும்.

நான் கிளம்ப எழுந்தபோது அவர் மனைவி உள்ளே வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் கடையில் அவர் அணியும் வெள்ளைக் கோட்டும், சாப்பாட்டு டப்பாவும், கல்லா மேசையில் வைத்திருந்த சின்னக் கண்ணாடியும் இருந்தன. என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். மேசைக்கு வந்து, மூடாமல் இருந்த திரையைப் படித்தார். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண், அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"என்னங்க" என்றார்.

விரல் உயர்ந்தது.

அது இறங்கும் வரை அந்த அம்மா நின்றார். இத்தனை நாள் இந்த விரலைப் பார்த்துச் சிரித்தவன் நான், அன்றைக்கு அதைப் பிடித்து ஒடிக்கலாம் போலிருந்தது.

"கடைச் சாவியைக் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு உட்கார்ந்துட்டா. இனிமே போய்க் கேக்கவும் முடியாது."

உதடு அசைவதைப் பார்த்து அண்ணன் புருவத்தை உயர்த்தினார். "என்னது?"

"வேலையை விட்டுட்டேன். உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் விட்டேன்."

அவர் மனைவியைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார், வெளியே துருத்திக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். கை மெதுவாக ஹெட்போனுக்குப் போனது. ஒரு காதை மட்டும் திறந்தார்.