அப்பா தலையில் கட்டிய விபத்து

என் அப்பாவின் மொபெட்டைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. "பெருசு வண்டிய முந்தணும்னா எறங்கி நடந்தாப் போதும்." எதிரே லாரி தெரிந்தால் ஓரம் கட்டி, காலை ஊன்றி நின்று, அது போன பிறகுதான் கிளம்புவார். ஆடு வந்தாலும் அதே மரியாதைதான். எழுபத்தாறு வயதாகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள் என்று போய், சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடகடவென்று வாசித்துவிட்டு வந்து, அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் வேகமாக வந்து ஒரு பெண்ணை மோதிக் காலை உடைத்துவிட்டார் என்று ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுத வைத்தது எங்கள் குடும்பம்தான்.

மோதியவள் என் தம்பி மகள். பிளஸ் டூ படிக்கிறாள், பதினெட்டு ஆகவில்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். கந்தர்வக்கோட்டைக்கு டியூஷன் போகிற பிள்ளை மினி பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு போக வேண்டாமென்று சிங்கப்பூரிலிருந்தே பணம் அனுப்பி ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தான். வண்டியை அப்பா பெயரில் எடுத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், சந்தனம் வைத்தார்கள், எல்லாம் வைத்தார்கள். லைசென்ஸுக்கு என்ன வழி என்று நான் கேட்டபோது தம்பி மனைவி சிரித்தாள். "நம்ம ஊர்ல யாரு மதினி புடிக்கப் போறா?" என்றாள். போலீஸ் பிடிப்பதைப் பற்றி மட்டும்தான் அந்த வீட்டில் யோசித்தார்கள். யார்மீதாவது மோதினால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கண்மாய்க் கரைத் திருப்பத்தில் மோதினாள். நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கூட்டம் போட்டார்கள். தம்பி மனைவியின் அண்ணன்தான் தலைமை. பொம்பளப் பிள்ளை ஸ்டேஷன், கோர்ட்டு என்று ஏறி இறங்கினால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்றார். லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸில் இழுத்தடிப்பார்கள், பெற்றவர்களுக்கும் கேஸ் வரும் என்றார். அப்பாவைக் காட்டி, மாமாவுக்கு லைசென்ஸ் இருக்கிறது, வண்டியும் அவர் பெயரில்தான், அவர் ஓட்டியதாகச் சொல்லிவிட்டால் முடிந்தது என்றார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. சிறுசுகள் எங்கே மோதினாலும் வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கிற பெருசைத் தேடிப் பிடித்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். ஊருக்கு ஒரு கிழவர் இப்படி இடித்திருக்கிறார்.

நான் கத்தினேன். பிள்ளையும் அழுதுகொண்டே, "நாந்தானே இடிச்சேன், நானே சொல்றேன்" என்றாள். அவள் அம்மா வாயைப் பொத்தினாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு ஆத்தா. என்னைய யாரு பொண்ணு பாக்க வரப் போறா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்துபோனது.

மறுநாள் கால் உடைந்த பெண்ணைப் பார்க்கப் போனேன். அவர் என்னிடம் மறைக்கவில்லை. "இடிச்சது ரெட்டச் சடை. வந்து கும்புட்டு நின்னது நரச்ச தலை. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆனா நான் வாயத் தொறந்தா இன்சூரன்ஸு வராதுங்கிறாங்களே, நான் என்னம்மா செய்ய?" அவரையும் இதில் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

கோர்ட்டில் அபராதம் கட்டியதோடு கேஸ் முடிந்தது. முடியாதது அதன் பிறகுதான் ஆரம்பித்தது. நடந்து முந்தலாம் என்று சிரித்த அதே டீக்கடை, கண்ணு மங்கினால் வண்டியை விட்டுவிட வேண்டாமா என்று பேசியது. அதையாவது பொறுக்கலாம், தெரியாதவர்கள். தம்பி வீடியோ காலில் வந்து, அப்பா இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது என்றான். நான் போனைப் பிடுங்கினேன்.

"ஏண்டா, இடிச்சது யாருன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா ஊருக்கு அப்பான்னுதானே சொல்லியிருக்கோம்? இடிச்சும் ஓட்ட விட்டிருக்கான் பாருன்னு என்னையத்தானே பேசுவாங்க?"

பொய் சொன்னவனே அந்தப் பொய்க்குப் பயந்து நியாயம் பேசினான். மொபெட் சாவி பீரோவுக்குள் போனது. ஸ்கூட்டரை மட்டும் பட்டறையில் விட்டுப் புதுசு மாதிரி ஆக்கினார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்தார்கள். பயம் தெளிய வேண்டுமாம், அதனால் அவள் ஓட்ட வேண்டுமாம்.

ஒரு நாள் சண்டை போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய் அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என் மடியில் போட்டார்.

"வேணாம் ஆத்தா. நாளைக்கு நெசமாவே ஒரு ஆடு வந்து விழுந்தாலும், முன்னயே ஒரு பொம்பள கால ஒடச்சவன்தானேம்பாங்க. நான் சொல்றது எடுபடாது."

லாரிக்கு ஒதுங்கி நிற்பாரே தவிர, வண்டியைத் தொடவே பயப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. முந்திரித் தோப்புக்கு இப்போது நடந்துதான் போகிறார்.

போன வாரம் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை தாத்தாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தாள். டீ மாஸ்டர் குரல் கொடுத்தார். "இதுதான் சரி பெருசு. சின்னஞ்சிறுசு ஓட்டுனா யாருக்கும் பயமில்ல பாருங்க."

அப்பா சிரித்துவைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு மோதியது யார் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. அப்பன் மேல் பாசம், அதற்காகப் பச்சைப் பிள்ளை மேல் பழி போடலாமா என்று பெஞ்சிலிருந்த ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார்.

ஸ்கூட்டர் நின்றது. பிள்ளை இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "அத்தை சொல்றது நெசந்தான்" என்றாள்.

டீ மாஸ்டர் கழுவின கிளாஸையே திரும்பக் கழுவினார். அப்பாதான் அவள் தோளைத் தட்டி, "கெளம்பு, வெயிலு ஏறுது" என்றார்.

தம்பி மனைவி என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். மறுநாளும் அப்பா தோப்புக்கு நடந்துதான் போனார். சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். டீக்கடையில் சொன்னதற்காக ஸ்டேஷனில் எழுதி வைத்ததைத் திருத்தவா போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, அவர் நடையை எட்டிப் போட்டார்.