பெரிய திரையில் அண்ணா

அம்மா செத்து முப்பத்தோராம் நாள் முடிந்த கிழமையில்தான் எங்கள் கடைக்கு ஃபைவ்ஜி வந்தது. மன்னார் பஸ் நிலையத்துக்கு அருகில் கைபேசி விற்கும் கடை அது. நான் அங்கே வேலை செய்கிறேன். கொழும்பிலிருந்து கொம்பனி அதிகாரி ஒருவர் வந்து, வாசலில் கூடாரம் அடித்து, பலூன் கட்டி, பெரிய திரை ஒன்றை நிறுத்தினார். எனக்கும் ஒரு சிவப்பு ரீசேட் தந்தார்கள். போட்டுக்கொண்டேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன்.

"இனித் தூரம் என்பதே இல்லை," என்று அதிகாரி ஒலிவாங்கியில் சொன்னார். ஃபோர்ஜி வந்தபோதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். அதற்குப் பிறகும் மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக வரவில்லை.

சிலாவத்துறையிலிருந்து சாமான் வாங்க வந்த ஒருவர், "எங்கட பக்கம் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"மிக விரைவில்," என்றார் அதிகாரி.

"இருக்கிறதே மழைக்கு நிண்டுபோகுது. முதல்ல அதைப் பாருங்கோ," என்றுவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

வெளிநாட்டுக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்றார் அதிகாரி. எங்கள் சனத்தின் சொந்தக்காரர் இருக்கும் கனடாவில் அந்நேரம் எல்லோரும் நித்திரை. முதலாளி என்னைப் பார்த்தார். "பிள்ளை, உங்கட அண்ணா இந்தியாவிலதானே? அவருக்கு எடுங்கோ."

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர்கள். அம்மாவும் நானும் திரும்பி வந்தோம். அங்கேயே கலியாணம் செய்த அண்ணா நின்றுவிட்டார். பாஸ்போட் இல்லாததால் செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை, போனில்தான் பார்த்தார். பெட்டி மூடும் நேரம் படம் அசையாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை. என்ன கதைப்பதென்று தெரியவில்லை.

எடுத்தேன். உடனே வந்தார். பெயின்ற் அடிக்கும் வேலை அவருக்கு. பாதி அடித்த சுவரொன்றின் முன்னால் நின்றார். திரையில் அவருடைய முகம் என் உயரத்துக்கு இருந்தது. புருவத்தில் காய்ந்த பெயின்ற் துளி தெரிந்தது. அவர் பக்கம் என்ன லைன் என்று யாரும் கேட்கவில்லை.

"ஏன், என்ன நடந்தது?" என்றார்.

"ஒண்டுமில்லை அண்ணா. கடையில புது லைன் காட்டுறம்."

கொஞ்ச நேரம் பார்த்தார். "வடிவாத் தெரியுது."

"ஓம்."

"அண்டைக்கு இப்பிடித் தெரிஞ்சிருந்தா, அம்மாவை..." என்று தொடங்கியவர், என் பின்னால் நின்ற சனத்தைக் கண்டு நிறுத்தினார். "அப்ப வைக்கட்டே?"

"வையுங்கோ."

"பார்த்தீர்களா, புருவத்துப் புள்ளிகூடத் தெரிகிறது!" என்றார் அதிகாரி. சனம் கைதட்டியது. நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். பின்னேரம் வரை சிம் விற்றேன். வேகத்தைக் கேட்டவர்களுக்கு வேகத்தைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் நின்று அண்ணாவுக்கு எடுத்தேன். குரல் மட்டும், அதுவும் விட்டுவிட்டு வந்தது.

"அம்மா கடைசியா என்ன சாப்பிட்டவ?" என்று கேட்டார்.

"கஞ்சி அண்ணா. கொஞ்சம்தான்."

"உப்புப் போட்டதே?"

"ஓம்."

"ம்," என்றார். பக்கத்தில் அவருடைய பிள்ளைகள் கத்துவது கேட்டது. "நாளைக்கும் வேலைக்குப் போறியோ?"

"போறன்."

வைத்துவிட்டார். அழுகை வரும் என்று நினைத்து அங்கேயே நின்றேன். வரவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.