பாவாயியும் ரொப்பு மண்ணும்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் அசையாமல் நிற்கிற கல் வீடுகளில் பாதி நான் கட்டியவை. அதனால் என் தங்கை பாவாயியின் கதையைச் சொல்ல என்னைவிட ஆள் கிடையாது.

மலையில் சமதரை ஏது? மேல்சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித்தான் வீட்டுக்கு இடம் பண்ணுகிறோம். வெட்டிய பக்கம் ஆதியிலிருந்தே உட்கார்ந்த கெட்டித் தரை. கொட்டிய பக்கம் ரொப்பு மண். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ரொப்பு மண் மழை குடித்துக் குடித்து இறங்கும். இறங்கி முடிகிறவரை அதன்மேல் சுவர் வைக்கக் கூடாது.

பாவாயி மிளகு பறித்தும் மரவள்ளி சுமந்தும் சேர்த்த காசில் ஓட்டு வீடு கட்ட இறங்கினாள். மகள் இளமதிக்குத் தையில் கல்யாணம். அது புது வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சரிவை இன்னும் உள்ளே வெட்டியிருந்தால் வீடு முழுக்கக் கெட்டித் தரையில் நின்றிருக்கும். ஆனால் அங்கே குலசாமிக் கல். அதன் பக்கத்தில் கடப்பாரை போட எங்கள் சனம் ஒப்பாது. பின்னறை கெட்டித் தரையில், முன்னறை ரொப்பு மண்ணில் என்று ஆகிவிட்டது.

"ஒரு மழைக்காலம் போகட்டும் பாவாயி."

"ஏனுங்கண்ணா, தங்கச்சி ஊடு உங்க மாடி ஊட்டுக்கு எட்டிருமுன்னு பயமா?"

அவள் புருசன் காத்தான் சிரித்தான். "மச்சான் கட்டுனாத்தான் சுவரு நிக்குமாக்கும்!"

வேறு ஆளை வைத்து வீட்டைக் கட்டி முடித்தார்கள். ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. இரண்டு அறைக்கும் நடுவே கை நுழைகிற அளவு வெடிப்பு. ஆள் அனுப்பினாள், ஓடினேன். முன்னறைக்குள் கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளைச் சாமான்கள் கிடந்தன.

"மாப்ள, உள்ள போகாத!"

"அண்டாவ மட்டும் எடுத்துட்டு வாரேன் மச்சான்."

முன்சுவர் வெளியே சாய்ந்தது. கூரை மொத்தமும் அவன்மேல் வந்தது. பிணமாகத்தான் எடுத்தோம்.

கல்யாணத்தைத் தள்ளி வைத்து, பிறகு என் வீட்டில் நடத்தினேன். ஊரே மெச்சியது. பாவாயி வரவில்லை.

இப்போது பின்னறையில் இருக்கிறாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த வருச மழை கழிந்ததும் போனேன்.

"முன்னறைய நானே கல்லுல கட்டித் தாரேன் கண்ணு."

"மண்ணு இப்ப எறங்கி முடிஞ்சுதாண்ணா?"

கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். நன்றாக இறுகியிருந்தது. "முடிஞ்சுது."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேண்டாமுங்கண்ணா. அவரு மேல இன்னொரு சுவரு வைக்காதீங்க."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.